மூன்றாவது ஆக்சில் எதற்கு? பிக்கப்பை 6×6 ஆக்குவதற்கு முன்

பிக்கப்பின் பின்னால் இன்னொரு ஆக்சிலைக் கோத்து, ஆறு சக்கரங்களுக்கும் இன்ஜினின் இழுவையைக் கொண்டுபோகும் வேலை ஆஸ்திரேலியாவில் ஒரு நிலையான தொழிலாகவே நடக்கிறது. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 79 வரிசை பிக்கப்பை எடுத்து, சேஸை நீட்டி, மூன்றாவது ஆக்சிலைப் பொருத்தி, சுரங்க வேலைக்கும் தீயணைப்புக்கும் தொலைதூரப் பராமரிப்புப் பணிக்கும் அனுப்பும் பட்டறைகள் அங்கே உண்டு. அந்த வண்டிகளின் படங்களைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடும்: நாலு சக்கரம் இழுத்தாலே மணல்மேடு ஏறுகிறதே, ஆறும் இழுத்தால் எங்கேதான் போகாது? அந்தக் கணக்கு தப்பு என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆக்சில் சுமை தூக்குவதற்கான கருவி. கனத்த சுமையோடு இளகிய மண்ணில் போயே ஆகவேண்டியவர்களுக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. அந்தச் சுமை இல்லாதவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் செலவு, கூடுதல் பழுது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இயற்பியல், வரலாறு, பட்டறை நடைமுறை, சட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெளிவாக்கிக்கொள்வோம். 4×4 என்றால் மொத்தம் நாலு சக்கர முனைகள், நாலுக்கும் இழுவை. 6×6 என்றால் ஆறு முனைகள், ஆறுக்கும் இழுவை. 6×4 என்றால் ஆறு முனைகளில் நாலுக்கு மட்டும் இழுவை. நம் ஊர் நெடுஞ்சாலையில் டாரஸ் என்று எல்லோரும் கூப்பிடும் பத்துச் சக்கர லாரிகளில் பின்னால் இரண்டு ஆக்சில்கள் இருக்கும். இரட்டை டயர் போட்டிருப்பதால் சக்கரம் பத்தாகத் தெரிகிறது, முனைகள் ஆறுதான். அந்த லாரிக்கு இரண்டு பின் ஆக்சில் ஏன் வந்தது என்று யாரிடம் கேட்டாலும் ‘லோடுக்கு’ என்பார்கள். மேடு பள்ளம் ஏறுவதற்கு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதே தெளிவு பிக்கப் விஷயத்தில் மட்டும் நமக்குக் கலைந்துபோகிறது.

சறுக்காமல் இழுக்கும் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? இழுவை பெறும் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையிலிருந்தும், டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்விலிருந்தும் வருகிறது. சாதாரணப் பின்சக்கர இழுவை வண்டியில் எடையின் ஒரு பகுதிதான் இழுக்கும் சக்கரத்தின்மேல் இருக்கிறது. முன்சக்கரத்தின்மேல் இருப்பது பிடிப்புக்கு உதவுவதில்லை. அதை 4×4 ஆக்கினால் மொத்த எடையும் இழுக்கும் சக்கரங்களின்மேல் வந்துவிடுகிறது, அதனால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. ஆனால் 4×4-ஐ 6×6 ஆக்கும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. எடை முழுவதும் ஏற்கெனவே இழுக்கும் சக்கரங்களின்மேல்தான் இருந்தது. இப்போது அதே எடை ஆறு சக்கரங்களுக்குப் பங்கிடப்படுகிறது. கெட்டியான தரையில், ஈரப் பாறையில், சரளைச் சரிவில் கிடைக்கும் மொத்தப் பிடிப்பு ஏறக்குறைய அதேதான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் இடங்களில் மற்ற ஐந்து சக்கரங்கள் தரையில் இருப்பது உதவும் என்பது உண்மை. ஆனால் அந்த உதவியை ஒரு டிஃபரன்ஷியல் லாக்கும் நன்றாக மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங்கும் எத்தனையோ மலிவாகத் தந்துவிடும்.

இளகிய மண்ணில் கதை வேறு என்பார்கள். உண்மையிலேயே வேறுதான்; ஆனால் அங்கும் வேலை செய்வது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்று. ஒரு சின்னக் கணக்கு போடலாம். சுமையோடு 3,300 கிலோ இருக்கும் ஒரு 4×4 பிக்கப்பில் டயர் ஒன்றின்மேல் சராசரியாக 825 கிலோ. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 330 சதுர சென்டிமீட்டர். டயரின் சொந்த விறைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், காற்றழுத்தம்தான் தரை மேல் விழும் அழுத்தம். இப்போது அதே வண்டிக்கு மூன்றாவது ஆக்சில் போடுகிறோம். ஆக்சில், சக்கரங்கள், நீட்டிய சேஸ் எல்லாம் சேர்ந்து 500 கிலோ கூடியதாக வைத்துக்கொள்வோம். 3,800 கிலோவை ஆறால் வகுத்தால் டயருக்கு 633 கிலோ. காற்றைக் குறைக்கவில்லையென்றால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு 253 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். தரை மேல் விழும் அழுத்தம் பழையபடி 2.5 கிலோவாகவே நிற்கும். ஆறு டயர்களின் பரப்பையும் கூட்டினால் சுமார் 1,520. இதற்கு மாறாக, பழைய 4×4-ல் காற்றைப் பாதியாக இறக்கியிருந்தால் நாலு டயர்களின் பரப்பே 2,640 ஆகியிருக்கும், தரை அழுத்தமும் பாதியாகியிருக்கும். மணலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கும் ஐந்து நிமிட வேலை, பல லட்ச ரூபாய் மாற்றத்தைவிட அதிகம் சாதிக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

அப்படியானால் மூன்றாவது ஆக்சிலால் மண்ணில் பயனே இல்லையா? இருக்கிறது. டயர் எவ்வளவு நசுங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும், அல்லது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். மேலே உள்ள 4×4 டயர் 660 சதுர சென்டிமீட்டர் பரப்பு வரை நசுங்கலாம் என்று வைத்தால், 6×6-ன் டயர் அதே அளவு நசுங்குவதற்குக் காற்றை சுமார் 0.96 வரை இறக்கலாம், 4×4-ல் 1.25-க்குக் கீழே போகமுடியாது. தரை அழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைகிறது. இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் லாபம் இன்னும் பெரிது: மொத்த எடையை 4,495 கிலோ வரை ஏற்றினாலும் 6×6-ல் டயருக்கு 749 கிலோதான். அதாவது அதிகச் சுமை ஏற்றிய பிறகும் ஒவ்வொரு டயரும் பழைய 4×4-ன் டயரைவிட லேசாகத்தான் தரையில் அமர்கிறது. ஆறு சக்கரத்தின் உண்மையான வரம் இதுதான். சுமையைக் கூட்டிக்கொள், ஆனாலும் முன்பு போன இடத்துக்குப் போய்க்கொண்டிரு என்கிறது அது. சுமையைக் கூட்டாதவருக்கு அந்த வரத்தில் சிறு பங்குதான் கிடைக்கும்.

இதை நடைமுறையில் நிரூபித்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கே 1990-ல் டொயோட்டா விற்பனையகத்தின் கிளையாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ், ஹைலக்ஸ் பிக்கப்புகளுக்கு 44 அங்குல டயர்களைப் பொருத்தி, பனியின்மேல் மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும் கலையை வளர்த்தது. அவர்களுடைய அடிப்படை வண்டி 4×4 தான். பனிக்கான விடையை அவர்கள் டயரில் தேடினார்கள். பிறகு அண்டார்டிகாவில் எரிபொருளையும் ஆய்வுக் கருவிகளையும் நெடுந்தூரம் கொண்டுபோகும் தேவை வந்தபோதுதான் அதே ஹைலக்ஸை 6×6 ஆக்கினார்கள். முதலில் டயர், பிறகு காற்று, சுமை கூடியபோது ஆக்சில் என்ற அந்த வரிசைதான் சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

வரலாறும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 5.5 லட்சத்துக்கும் மேல் கட்டிய ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 6×6 லாரி, சாலை இல்லாத இடத்திலும் இரண்டரை டன் ஏற்றவேண்டும் என்ற தேவையில் பிறந்தது. அதே லாரியின் அடிப்படையில் வந்த டக் என்ற நீர்நில வண்டியில், கடற்கரை மணலில் ஏறுவதற்காக, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஆறு சக்கர இழுவை இருந்தும் மணலுக்கு அது போதவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியம் 1948-ல் ஜிஸ்-151 என்ற 6×6 லாரியைக் கொண்டுவந்தது. பின் ஆக்சில்களில் இரட்டை டயர். அதனால் முன்சக்கரம் போட்ட தடத்தில் பின்சக்கரம் பொருந்தாமல், ஒவ்வொன்றும் புதுமண்ணை நசுக்கிக்கொண்டு போயின. வண்டி கனமானது, சேற்றில் திணறியது. பத்தாண்டு கழித்து வந்த ஜில்-157-ல் செய்த முக்கிய மாற்றங்கள் இரண்டு: இரட்டை டயர்களுக்குப் பதிலாக எல்லா முனையிலும் ஒற்றைப் பெரிய டயர், ஓடும்போதே காற்றை மாற்றும் வசதி. இரண்டும் ஆறு சக்கர லாரிகள்தான், ஆனால் ஜில்-157 காட்டிலும் சேற்றிலும் பெயர் வாங்கியது. வித்தியாசத்தை உண்டாக்கியது தடமும் காற்றும்.

இந்தத் தட விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிக்கப் மாற்றத்தில் பலர் கவனிக்காத இடம் இது. இளகிய மண்ணில் முதல் சக்கரம்தான் அதிகம் உழைக்கிறது. மண்ணை அழுத்தி வழி போடுவது அது. அதே தடத்தில் வரும் இரண்டாவது, மூன்றாவது சக்கரங்கள் இறுகிய மண்ணின்மேல் குறைந்த தடையோடு உருள்கின்றன. மண்ணில் வண்டி ஓடும் அறிவியலை ஒரு தனித்துறையாக வளர்த்து, பின்னர் நிலவில் ஓடிய வண்டியின் வடிவமைப்பிலும் பங்கெடுத்த பெக்கர் போன்றவர்களின் ஆய்வுக்களம் இது. இப்போது லேண்ட் க்ரூஸர் 79-ஐப் பாருங்கள்: 2007-ல் வி8 டீசல் இன்ஜினை உள்ளே வைப்பதற்காக முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள், பின் ஆக்சில் பழைய அகலத்திலேயே நின்றது. இரண்டுக்கும் இடையில் சுமார் 95 மில்லிமீட்டர் வித்தியாசம். மணலில் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தின் உள்விளிம்பை உடைத்துக்கொண்டே போகும். இதைச் சரிசெய்யாமல் அதே குறுகிய ஆக்சிலை இன்னொன்று பின்னால் மாட்டினால், தடம் பொருந்தாத சக்கரங்கள் இரண்டிலிருந்து நாலாகின்றன. ஆகவே ஒழுங்கான 6×6 மாற்றத்தில் பின் ஆக்சில்கள் இரண்டையும் முன்பக்க அகலத்துக்குக் கொண்டுவருவது முதல் நாள் வேலையாக இருக்கவேண்டும். பட்டறைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

இழுவையை மூன்றாவது ஆக்சில் வரை எப்படிக் கொண்டுபோவது? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்பக்கம் இரண்டு ஜாயின்ட் ஷாஃப்ட்டுகள் கிளம்பி, ஒன்று நடு ஆக்சிலுக்கும் மற்றொன்று நடு ஆக்சிலின்மேல் ஒரு பேரிங்கில் தங்கிக் கடைசி ஆக்சிலுக்கும் போவது. போர்க்கால ஜிஎம்சி இப்படித்தான் கட்டப்பட்டது. இரண்டு, ஒரே ஷாஃப்ட் நடு ஆக்சிலின் டிஃபரன்ஷியலுக்குள் நுழைந்து அங்கேயே பங்கிடப்பட்டு, மறுபக்கம் வெளியேறிக் கடைசி ஆக்சிலுக்குப் போவது. பெரிய லாரிகளில் வழக்கமானது இதுதான். மூன்று, சேஸுக்குப் பதிலாக ஒரு நடுக்குழாய், அதற்குள்ளேயே ஷாஃப்ட் ஓடுவது. ஆஸ்திரியாவின் பின்ஸ்கௌவர் 6×6 வண்டி இந்த முறை. பிக்கப் மாற்றத்தில் மூன்றாவது வழி சாத்தியமில்லை. முதல் இரண்டில் ஒன்றுதான். எந்த வழியானாலும் மூன்று ஆக்சில்களிலும் கிரவுன்-பினியன் விகிதம் ஒன்றாக இருக்கவேண்டும், டயர் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் கெட்டியான தரையில் ஓர் ஆக்சில் மற்றதோடு மல்லுக்கட்டி, ஷாஃப்ட்டுகளில் முறுக்கம் ஏறி, பலவீனமான ஏதோ ஒரு பாகம் உடையும். அதனால்தான் இரு பின் ஆக்சில்களுக்கும் இடையில் ஒரு டிஃபரன்ஷியலோ, தார்ச்சாலையில் கடைசி ஆக்சிலைத் துண்டித்துவிடும் வசதியோ தேவைப்படுகிறது.

இழுவையைவிடக் கடினமான வேலை, எடையைச் சமமாகப் பங்கிடுவது. இரண்டு பின் ஆக்சில்களையும் தனித்தனிப் பட்டை ஸ்பிரிங்கில் கட்டிவிட்டு விட்டால், ஒரு வரப்பின்மேல் நடு ஆக்சில் ஏறும்போது பின்பக்கச் சுமை முழுவதும் அதன் தலையில் விழும், கடைசி ஆக்சில் லேசாகிவிடும். அந்தக் கணத்தில் இரண்டு ஆக்சிலுக்கான சுமையை ஒன்று சுமக்கிறது. பேரிங்கும் ஹவுசிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தராசுத் தட்டுபோல ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, இரண்டிலும் எடை ஒன்றாக நிற்கவேண்டும். அதற்கு இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளின் நடுவில் ஆடும் ராக்கர், அல்லது இரு ஆக்சில்களின் காற்றுப்பைகளையும் குழாயால் இணைப்பது போன்ற ஏற்பாடுகள் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாத 6×6-ல் சக்கரம் ஆறு இருந்தும், கரடுமுரடான தரையில் எடை நாலு சக்கரங்களின்மேல்தான் இருக்கும்.

முழுமையாகச் சிந்தித்துச் செய்த 6×6 எப்படி இருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலிய ராணுவத்தின் பெரெண்டி லேண்ட் ரோவர் நல்ல பாடம். 1980களின் பிற்பகுதியில் ஜாகுவார் ரோவர் ஆஸ்திரேலியா நிறுவனம் இதை இரண்டு வகையாகக் கட்டியது: 1 டன் ஏற்றும் 4×4, 2 டன் ஏற்றும் 6×6. மூன்றாவது ஆக்சில் கொடுத்தது இரட்டிப்புச் சுமை. வகைப்பாட்டிலேயே அது எழுதியிருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பாருங்கள். இசுஸு 3.9 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 6×6-ல் டர்போ சேர்த்தார்கள். சேஸைப் புதிதாக வடிவமைத்தார்கள். கேபினை அகலமாக்கினார்கள். பின்புறத்தில் சுமையைப் பகிரும் பட்டை ஸ்பிரிங் அமைப்பைப் போட்டார்கள். ஓர் ஆக்சிலைச் சேர்ப்பது என்பது வண்டியை மறுபடி கட்டுவதற்குச் சமம் என்பதை, பணமும் பொறியாளர்களும் வைத்திருந்த ஒரு ராணுவத் திட்டமே காட்டிவிட்டது. சேஸை வெட்டி நீட்டி ஆக்சிலை மட்டும் தொங்கவிட்டு, இன்ஜின், பிரேக், குளிரூட்டல் எதையும் தொடாத மாற்றங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

‘அப்படியானால் சுமைக்கு மூன்றாவது ஆக்சில் போதுமே, அதற்கு இழுவை எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, பதிலும் ஓடும் இடத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் விமானப்படை ரேஞ்ச் ரோவரை நீட்டி ஆறு சக்கரமாக்கி, விமானத்தள மீட்பு வண்டியாக வைத்திருந்தது. அதில் கடைசி ஆக்சிலுக்கு இழுவை கிடையாது. தீயணைப்பு நீரையும் கருவிகளையும் சுமந்துகொண்டு ஓடுபாதையில் வேகமாகப் போய்ச்சேரவேண்டும், அவ்வளவுதான், 6×4 போதுமானது. ஆனால் பாலைவன மணலில் கணக்கு மாறுகிறது. 4,495 கிலோ வண்டியில் முன் ஆக்சிலின்மேல் 1,400 கிலோ இருந்து, மீதம் இரண்டு பின் ஆக்சில்களுக்கும் சமமாகப் போனால், இழுவை இல்லாத ஆக்சிலின்மேல் ஏறக்குறைய 1,550 கிலோ நிற்கும். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்புக்கு உதவாமல், மண்ணில் இழுபட்டுக்கொண்டு வரும். மேடு ஏறும்போது எடை பின்னால் சாயும், நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே, சாலையிலும் கெட்டித் தரையிலும் சுமை என்றால் 6×4. மண்ணில் சுமை என்றால் 6×6. இரண்டிலும் முதல் சொல் சுமைதான்.

இனி, கொடுக்கவேண்டிய விலையைப் பார்ப்போம். இரு பின் ஆக்சில்கள் இருக்கும் வண்டி திரும்பும்போது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். ஒற்றைக் கேபின் 79-ன் வீல்பேஸ் 3,180 மில்லிமீட்டர். பின்னால் 1,100 மில்லிமீட்டர் தள்ளி இன்னோர் ஆக்சில் வந்தால், திரும்புவதற்கான வீல்பேஸ் 3,730 ஆகிறது. ஏற்கெனவே அகலமாகத் திரும்பும் வண்டி இன்னும் அகலமாகத் திரும்பும். அது போதாதென்று, திருப்பத்தில் இரண்டு பின் ஆக்சில்களின் டயர்களும் எதிரெதிர்த் திசையில் பக்கவாட்டில் தேய்கின்றன. டயர் ஆயுள் குறைவதற்கும் தார்ச்சாலையில் ஸ்டீயரிங் முன்பக்கமாக நழுவுவதுபோல் தோன்றுவதற்கும் இதுதான் காரணம். பிரேக்கில் இரண்டு சக்கரங்கள் கூடுவதால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளவேண்டிய எண்ணெயின் அளவு கூடுகிறது. நாலு சக்கர வேகத்தைக் கணக்கிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ்ஸும், வண்டி நிலை தவறாமல் காக்கும் மின்னணுவும் புதிய எடைக்கும் நீளத்துக்கும் ஏற்ப மறுபடி சோதிக்கப்படவேண்டும். கூடுதல் டிஃபரன்ஷியல், கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் ஹப் பேரிங்குகள்; எண்ணெய் மாற்றும் இடங்கள் கூடுகின்றன, டீசல் செலவும் கூடுகிறது. சுமையால் சம்பாதிக்கும் வண்டி இவற்றைத் தாங்கும். சும்மா ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் நட்டம்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மிக வலுவானது இது: ‘தொலைதூரப் பாலைவனப் பயணத்துக்கு எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் சுமைதானே?’ கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட், விலூனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர். இடையில் குனவாரிட்ஜி என்ற பழங்குடிக் குடியிருப்பில் எரிபொருள் கிடைக்கும். ஆகவே ஒரு மூச்சில் சுமார் 1,000 கிலோமீட்டருக்கு எரிபொருள் வேண்டும். மணலில் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் என்றால் 200 லிட்டர்; டீசல் எடை சுமார் 170 கிலோ. தண்ணீர் 100 லிட்டர், 100 கிலோ. இரண்டு பேர் 160 கிலோ. சாப்பாடு, ஃபிரிட்ஜ், கூடாரம், உதிரி டயர், கருவிகள் 250 கிலோ. பின்பெட்டியும் முன் கம்பித்தடுப்பும் வின்ச்சும் 350 கிலோ. மொத்தம் 1,030 கிலோ. பழைய 79-ன் வெற்று எடை சுமார் 2,200 கிலோ, அனுமதித்த மொத்த எடை 3,300, மீதம் 1,100. ஆஸ்திரேலியாவின் மிகக் கடினமான பாதைகளில் ஒன்றுக்கே மாற்றாத 4×4 போதும், நெருக்கமாக. இன்னும் கொஞ்சம் தேவையென்றால் ஸ்பிரிங்கை மாற்றிச் சட்டப்படி மொத்த எடையைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே பரவலாக உண்டு. ஆகவே பயணிகளில் பெரும்பாலோருக்கு மூன்றாவது ஆக்சில் தேவைப்படுவதில்லை. வீடு போன்ற கூண்டைப் பின்னால் கட்டி, மாதக்கணக்கில் அதிலேயே வாழப்போகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களிடம் உண்மையான சுமை இருக்கிறது.

இதே கணக்கை ஒரு தீயணைப்பு வண்டிக்குப் போட்டால் விடை புரண்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி, பம்ப், குழாய்ச் சுருள், மூன்று வீரர்கள் என்று 600 கிலோ போனால், 4×4-ல் தண்ணீருக்கு 500 லிட்டர்தான் மிஞ்சும். 6×6 ஆக்கி 4,495 கிலோவுக்குக் கொண்டுபோனால், 500 கிலோ ஆக்சில் எடையைக் கழித்த பிறகும் சுமக்கும் திறன் சுமார் 1,800 கிலோ. தண்ணீர் 1,200 லிட்டர். புதர்க்காட்டுத் தீயின் முன்னால் நிற்பவருக்கு இந்த 700 லிட்டர் எத்தனை பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. சுரங்கத்துக்கு எண்ணெயும் வெல்டிங் கருவியும் கொண்டுபோகும் பராமரிப்பு வண்டிக்கும், பாதையில்லாத இடத்தில் கம்பம் நடும் வண்டிக்கும் இதே நியாயம். சேஸுக்கும் இது நல்லது. இரட்டைக் கேபின் பிக்கப்புகளில் சுமையின் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குவதால் சேஸ் வளைந்துபோன கதைகள் ஆஸ்திரேலியாவில் நிறைய. மூன்றாவது ஆக்சில் அந்தச் சுமையை இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் உட்காரவைக்கிறது. ஆனால் வளைவதைத் தடுப்பது மட்டுமே நோக்கம் என்றால், சேஸை நீட்டி இருக்கும் ஆக்சிலையே பின்னால் தள்ளிவைப்பது மலிவான வழி.

இரண்டாவது எதிர்வாதம்: ‘அவ்வளவு சுமை என்றால் லாரியையே வாங்கலாமே?’ இதில் பாதி உண்மை உண்டு. இசுஸு என்பிஎஸ், ஃபூஸோ கேன்டர் போன்ற 4×4 சிறு லாரிகள் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வருகின்றன. தொழிற்சாலையிலிருந்தே கனத்த ஆக்சிலோடும் பிரேக்கோடும் வருகிறவை. அவற்றை மணலுக்கு வாங்குகிறவர்கள் பின் இரட்டை டயர்களைக் கழற்றி ஒற்றைப் பெரிய டயருக்கு மாறுவது வழக்கம். ஜில்-157 கற்ற பாடத்தையே அவர்களும் கற்றுக்கொண்டார்கள். வேலைக்கு லாரி பொருந்துமென்றால் லாரியை வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் குறுகிய புதர்ப்பாதையில் லாரியின் உயரமும் அகலமும் இடிக்கும். நாள் முழுக்கக் கரடுமுரடான வழியில் லாரி கேபினில் உட்கார்ந்திருப்பது உடம்பை முறிக்கும். லேண்ட் க்ரூஸரின் உதிரிபாகம் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் கிடைக்கும். இந்தக் காரணங்கள் பொருந்துகிற இடத்தில் 6×6 பிக்கப் தன் இடத்தை நியாயமாகப் பெறுகிறது. டிரெய்லர் இழுத்தால் போதாதா என்பதற்கும் இதேபோல்தான் பதில்: சாலையில் போதும், மணலில் அது இழுவை இல்லாத ஆக்சிலின் குறைகளையெல்லாம் பெருக்கிக் காட்டும்.

மூன்றாவதாக, 2013-ல் மெர்சிடிஸ் வெளியிட்ட ஜி63 ஏஎம்ஜி 6×6-ஐக் காட்டி, ‘சுமையே இல்லாமல் மணற்குன்று ஏறுகிறதே’ என்பார்கள். அந்த வண்டியின் வேர், ஆஸ்திரேலிய ராணுவத்துக்காகச் சுமை தூக்கச் செய்த ஜி-வேகன் 6×6. ஜி63-ல் 37 அங்குல டயர், தரையிலிருந்து ஆக்சிலை உயர்த்தும் போர்ட்டல் அமைப்பு, ஐந்து டிஃபரன்ஷியல் லாக்குகள், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றை மாற்றும் வசதி எல்லாம் உண்டு. மணற்குன்று ஏறவைப்பது இவைதான். இவற்றை அப்படியே ஒரு 4×4-ல் வைத்துப் பாருங்கள். மூன்றாவது ஆக்சிலின் எடை இல்லாமல் அது இன்னும் எளிதாக ஏறும். பின்னாளில் மெர்சிடிஸே போர்ட்டல் ஆக்சிலோடு 4×4 ஜி-வேகனை விற்பனைக்குக் கொண்டுவந்ததை இங்கே நினைவில் வைக்கலாம்.

சட்டத்தையும் சொல்லாமல் விடமுடியாது. ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 4.5 டன் வரை சாதாரணக் கார் உரிமம் செல்லும். 4,495 என்ற எண் அங்கே அடிக்கடி கண்ணில் படுவதன் காரணம் அதுவே. பதிவுக்கு முன்னால் இரண்டாம் கட்டத் தயாரிப்பாளர் என்ற முறையில் மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, பிரேக், நிலைத்தன்மை எல்லாவற்றையும் நிரூபிக்கவேண்டும். ஒழுங்கான பட்டறைகள் நிலைத்திருப்பது இந்தக் கட்டுப்பாட்டால்தான். இந்தியாவில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. ஆக்சில் எண்ணிக்கையை மாற்றுவதைவிட அடிப்படையான மாற்றம் என்ன இருக்கிறது? இங்கே 6×6 என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் ராணுவத்துக்குச் செய்வதுபோல, தயாரிப்பாளரே வடிவமைத்துச் சோதித்துத் தருவதுதான் வழி. அது நல்லது என்றே நினைக்கிறேன். பிரேக் போதாத நாலரை டன் வண்டி பொதுச்சாலையில் ஓடினால் ஆபத்து ஓட்டுகிறவரோடு நிற்காது.

எனவே ஆறு சக்கர ஆசை யாருக்காவது இருந்தால், ஒரு வரிசையைப் பின்பற்றச் சொல்வேன். முதலில் வண்டியைச் சுமையோடு எடைபோடுங்கள், ஆக்சில் ஆக்சிலாக. வரம்புக்குள் இருந்தால், நல்ல டயர், ஒரு காற்று கம்ப்ரஸர், ஒரு டிஃபரன்ஷியல் லாக், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாண்டினால், சட்டப்படி மொத்த எடையைக் கூட்டும் ஏற்பாட்டைப் பாருங்கள். அதையும் தாண்டி, சாலையில்தான் ஓட்டம் என்றால் லாரியோ டிரெய்லரோ வாங்குங்கள். அரை டன், முக்கால் டன் கூடுதல் சுமையோடு, லாரி நுழையாத இளகிய மண்ணில், ஆண்டு முழுக்க உழைக்கவேண்டிய வண்டி என்றால் மட்டும் 6×6 பட்டறைக்குப் போங்கள். அங்கே தட அகலம், எடைப் பங்கீடு, பிரேக், ஒப்புதல் என்ற நாலையும் எழுத்தில் கேளுங்கள்; ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வண்டியை அவர்களிடம் விடாதீர்கள்.